பேஸ்மென்டில் ஓடும் ரயில்கள்: ஒரு ரிட்டயர்மென்ட் கனவின் வரலாறு

"ரிட்டயர் ஆனதும் ஒரு ரயில்வே கட்டப் போகிறேன்." அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இப்படிச் சொல்லும் மனிதர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. சொல்பவர் வங்கி மேலாளராக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம், ஏன், நிஜ ரயில்வேயிலேயே வேலை பார்த்தவராகவும் இருக்கலாம். அவர் கட்டப் போவது வீட்டின் ஓர் அறைக்குள் அடங்கும் ரயில்வே. கையளவு எஞ்சின், விரல் நீளப் பெட்டிகள், பிளாஸ்டரில் செய்த மலை, அட்டையில் செய்த ஸ்டேஷன், அதற்கென்று ஒரு டைம் டேபிள். இப்படி ஊர், மலை, பாலம், யார்டு எல்லாம் சேர்ந்த முழு அமைப்புக்கு 'லேஅவுட்' என்று பெயர்.

கேட்பதற்குக் குழந்தை விளையாட்டு போல இருக்கும். ஆனால் இதற்கு 90 வருடத்துக்கும் மேலான பத்திரிகை வரலாறு இருக்கிறது. சங்கங்கள், தரக்கட்டுப்பாடுகள், பாடநூல்கள், மேதைகள் எல்லாரும் இருக்கிறார்கள். அந்த வரலாற்றைப் படித்துக்கொண்டே வந்தால் ஒரு விஷயம் புலப்படும். இந்தப் பொழுதுபோக்கில் எல்லாரும் இடம் போதவில்லை என்றுதான் புலம்புவார்கள். உண்மையில் பலருக்குப் போதாமல் போனது இடமல்ல, ஆண்டுகள்.

பொம்மையிலிருந்து லேஅவுட்டுக்கு

ஆரம்பத்தில் இது வெறும் பொம்மைதான். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில் ஒரு புதுமையைக் காட்டியது. ரயில் பொம்மையை மட்டும் விற்காமல், தண்டவாளத்தின் அகலத்தைத் தரப்படுத்தி, பிறகு மேலும் மேலும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளும்படி விற்றது. இன்று ஒரு வட்டம், அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஒரு ஸ்டேஷன், அதற்கடுத்த வருடம் இன்னொரு எஞ்சின். 'இன்னும் கொஞ்சம் பெரிதாக்கலாம்' என்ற ஆசையை முதலில் விற்றவர்கள் இவர்கள்தான் எனலாம்.

அமெரிக்காவில் ஜோஷுவா லயனல் கோவன் 1900-இல் லயனல் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய முதல் மின்சார ரயில் கடை ஜன்னலில் வாடிக்கையாளர்களை ஈர்ப்பதற்காகச் செய்யப்பட்டது. பார்த்தவர்கள் ஜன்னலில் இருந்த பொருளை விட்டுவிட்டு ரயிலையே விலைக்குக் கேட்டார்களாம். அடுத்த ஐம்பது வருடங்களில் லயனல் ரயில் என்பது அமெரிக்கச் சிறுவர்களின் கிறிஸ்துமஸ் கனவாகவே ஆகிவிட்டது.

பெரியவர்களின் பொழுதுபோக்காக இது மாறியது 1930-களில். மில்வாக்கி நகரில் ஏ.சி. கால்ம்பாக் என்பவர் 1934 ஜனவரியில் 'மாடல் ரெயில்ரோடர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நாடே பொருளாதார வீழ்ச்சியில் கிடந்த நேரம் அது. மறு ஆண்டே, 1935-இல், தேசிய மாடல் ரயில் சங்கம் அதே மில்வாக்கியில் உருவானது. ஒரு கம்பெனியின் எஞ்சின் இன்னொரு கம்பெனியின் தண்டவாளத்தில் ஓடவேண்டும் என்றால் சக்கரம், தண்டவாளம் எல்லாவற்றுக்கும் பொது அளவு வேண்டும். அதை வகுப்பதுதான் அந்தச் சங்கத்தின் முக்கிய வேலையாக இருந்தது.

அடுத்த படியை எடுத்து வைத்தவர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஃபிராங்க் எல்லிசன். நாடகத் துறையில் வேலை செய்தவர். 1944-இல் மாடல் ரெயில்ரோடரில் தொடர் கட்டுரைகள் எழுதினார். லேஅவுட் ஒரு நாடக மேடை, ரயில்கள்தான் நடிகர்கள், டைம் டேபிள்தான் கதை என்பது அவருடைய பார்வை. சரக்குப் பெட்டி சும்மா வட்டமடிக்கக் கூடாது. ஏதோ ஒரு ஆலையிலிருந்து ஏதோ ஒரு ஊருக்குப் போகவேண்டும். இந்த ஒரு எண்ணம் எல்லாவற்றையும் மாற்றியது. வட்டமாகச் சுற்றுவதற்கு ஒரு மேஜை போதும். கதை சொல்வதற்குத் திட்டம் வேண்டும்.

அறைக்குள் ஒரு மைல்

திட்டம் போட உட்கார்ந்தவுடன் முதலில் எதிரே வந்து நிற்பது கணக்கு.

உலகில் அதிகம் பேர் பயன்படுத்துவது ஹெச்.ஓ. என்ற அளவு. நிஜத்தில் 87 அடி என்றால் இதில் ஒரு அடி. அப்படியானால் ஒரு மைல் தூரம் சுமார் 60 அடி ஆகிறது. அமெரிக்காவின் 85 அடி பயணிகள் பெட்டி கிட்டத்தட்ட ஒரு அடி நீளம் வரும். பத்துப் பெட்டி கொண்ட ஒரு எக்ஸ்பிரஸ் நிற்க, எஞ்சினையும் சேர்த்தால் 11 அடி பிளாட்பாரம் வேண்டும். 10 அடிக்கு 12 அடி படுக்கையறையில் ஸ்டேஷன் மட்டுமே அடங்கும், ஊர் அடங்காது!

வளைவு இதைவிட மோசம். பொம்மை செட்டுகளில் வரும் வழக்கமான வளைவின் ஆரம் 18 அங்குலம். இதை நிஜ அளவுக்குப் பெருக்கினால் 130 அடி வரும். எந்த நிஜ எக்ஸ்பிரஸும் அப்படி ஒரு வளைவில் திரும்ப முடியாது. ஏற்றமும் அப்படித்தான். ஒரு தடம் இன்னொரு தடத்துக்கு மேலே பாலத்தில் போகவேண்டும் என்றால் ஏறக்குறைய 4 அங்குலம் ஏறியாக வேண்டும். நூற்றுக்கு இரண்டு என்ற ஏற்றத்தில் அதற்கு 200 அங்குலம், அதாவது 16 அடிக்கு மேல் தேவை.

அமெரிக்க வீடுகளில் இதற்கு ஒரு தீர்வு தயாராக இருந்தது. அதுதான் பேஸ்மென்ட். குளிர் அதிகமுள்ள மாநிலங்களில் தரைக்குக் கீழே வீட்டின் முழு அகலத்துக்கும் ஓர் அறை இருக்கும். கொதிகலனும் பழைய சாமான்களும் போக மீதி இடமெல்லாம் காலி. அமெரிக்க மாடல் ரயில் வரலாறே பெரும்பாலும் இந்த அறைகளில் நடந்த வரலாறுதான்.

பேஸ்மென்ட் அபூர்வமான இங்கிலாந்தில் சிந்தனை வேறு திசையில் போனது. 'ரெயில்வே மாடலர்' பத்திரிகையின் ஆசிரியர் சிரில் ஃப்ரீசர் சின்ன இடத்துக்கான திட்டங்களை வரைவதில் மன்னர். 1957-இல் அவர் வெளியிட்ட 'மைனரீஸ்' என்ற திட்டம் சுமார் 7 அடி நீளம், ஓரடிக்கும் குறைவான அகலம். நடுவில் மடித்து மூடி வைக்கலாம். அந்தப் பலகைக்குள் பரபரப்பான ஒரு லண்டன் ஸ்டேஷனையே அடக்கியிருந்தார். இன்றுவரை அதைப் பின்பற்றிக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆர்ம்ஸ்ட்ராங்கின் இரண்டு பட்டியல்கள்

திட்டமிடுதலை ஒரு கலையாகவும் பாதி அறிவியலாகவும் ஆக்கியவர் ஜான் ஆர்ம்ஸ்ட்ராங் (1920–2004). தொழிலில் பொறியாளர், அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் வேலை. 1963-இல் வெளிவந்த அவருடைய தடத் திட்டப் புத்தகம் இத்துறையின் பாடநூலாகவே ஆகிவிட்டது.

அவர் சொன்ன முதல் வேலை, தண்டவாளம் வரைவது அல்ல, இரண்டு பட்டியல்கள் எழுதுவது. ஒன்று, மாற்ற முடியாதவை: அறையின் அளவு, கதவு எங்கே, ஜன்னல் எங்கே, கொதிகலன் எங்கே. இன்னொன்று, ஆசைப்படுபவை: எந்தக் காலம், எந்த நிலப்பரப்பு, நீராவியா டீசலா, பயணிகள் ரயிலா சரக்கு ரயிலா, தனியாக ஓட்டுவதா நண்பர்களோடு சேர்ந்து ஓட்டுவதா. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கனவில் எவ்வளவு கட்ட முடியும் என்று தெரியும்.

அடுத்து அவர் தந்தது 'சதுரம்' என்ற அளவுகோல். வளைவின் ஆரத்தோடு, இரண்டு தடங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் போல் இரு மடங்கைக் கூட்டினால் ஒரு சதுரத்தின் பக்கம் கிடைக்கும். ஆரம் 24 அங்குலம், தட இடைவெளி 2 அங்குலம் என்றால் சதுரம் 28 அங்குலம். அப்படியானால் 10-க்கு 12 அடி அறை நான்கு சதுர அகலமும் ஐந்து சதுர நீளமும் கொண்டது. வளைவைக் குறைத்தால் சதுரங்கள் கூடும், ஆனால் நீளமான எஞ்சின்கள் ஓடாது. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது பென்சிலை எடுக்கும் முன்பே தெரிந்துவிடும். அதுவரை கையால் கிறுக்கிப் பார்த்து, பலகை அறுத்த பிறகு "அய்யோ, பொருந்தவில்லையே" என்று தலையில் கை வைத்தவர்கள் பலர்.

ஆர்ம்ஸ்ட்ராங்கின் முதல் பட்டியலில் அறை, கதவு, ஜன்னல் எல்லாம் இருந்தன. கட்டுபவரின் வயதை யாரும் அந்தப் பட்டியலில் முதல் வரியாக எழுதுவதில்லை. ஆனால் மாற்ற முடியாதவற்றில் முதலாவது அதுதானே?

சீக்கிரமே ரிட்டயர் ஆன மனிதர்

இந்தக் கனவை முழுதாக வாழ்ந்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பெயர் ஜான் ஆலன். பிறந்தது 1913-இல். இளமையில் வந்த ஒரு காய்ச்சல் அவர் இதயத்தைப் பலவீனப்படுத்தியிருந்தது. புகைப்படத் தொழில் செய்தவர், 1946 வாக்கில், முப்பதுகளிலேயே, தொழிலிலிருந்து விலகிக்கொண்டார். முதலீடுகளில் வந்த வருமானத்தில் எளிமையாக வாழ்ந்தபடி, கலிஃபோர்னியாவின் மான்டெரே நகரில் ரயில்வே கட்டத் தொடங்கினார்.

அவருடைய ரயில்வேக்கு 'கோரி அண்ட் டிஃபீட்டட்' என்று பெயர். ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்தால் ஏதோ இரண்டு ஊர்களின் பெயர் போல இருக்கும். வாய்விட்டுப் படித்தால் 'ரத்தக்களரியும் தோல்வியும்' என்று அர்த்தம் வரும். முதலில் அவர் கட்டியது சாப்பாட்டு மேஜை அளவுகூட வராத ஒன்று: 3 அடி 7 அங்குலத்துக்கு 6 அடி 8 அங்குலம். பின்னர் 1954 வாக்கில் புது வீட்டின் பேஸ்மென்டில் பெரிய லேஅவுட்டை ஆரம்பித்தபோது, அந்தச் சின்ன லேஅவுட்டையும் அதற்குள்ளேயே ஒரு பகுதியாக இணைத்துக்கொண்டார்.

அவருக்கு முன் மாடல் மலைகள் இடுப்பு உயரத்தில் நின்றன. ஆலனின் மலைகள் தரையிலிருந்து கூரை வரை எழுந்தன. நடக்கும் பாதையே பள்ளத்தாக்குக்குள் போவது போல இருக்கும். கண்ணாடிகளை ஒளித்து வைத்து இடத்தை இரட்டிப்பாகக் காட்டினார். எஞ்சின்களுக்குத் துருவும் புழுதியும் பூசினார். புத்தம் புதிதாய்ப் பளபளக்கும் எஞ்சின் எந்த ஊரில் இருக்கிறது? ஷண்டிங் வேலைக்கு எஞ்சினுக்குப் பதிலாக எம்மா என்று பெயரிட்ட ஒரு டைனோசர் பொம்மையை வைத்திருந்தார். அவ்வளவு நுணுக்கத்துக்கு நடுவே அப்படி ஒரு குறும்பு! புகைப்படக்காரர் என்பதால் படங்களும் அற்புதமாக இருந்தன. அந்தப் படங்களைப் பார்த்தே ஒரு தலைமுறை இந்தப் பொழுதுபோக்குக்குள் வந்தது.

1973 ஜனவரி 6 அன்று மாரடைப்பில் ஆலன் இறந்தார். வயது 59. மற்றவர்கள் 'இனிமேல்தான் ரிட்டயர் ஆகிக் கட்டத் தொடங்கவேண்டும்' என்று நினைக்கும் வயது. இருபது வருடம் உழைத்தும் லேஅவுட் முழுமையாக முடிந்திருக்கவில்லை. இறந்து சுமார் பத்து நாட்களில் அந்த வீட்டில் தீ விபத்து. லேஅவுட்டின் பெரும் பகுதி அழிந்தது. ஒரு மனிதரின் முழு வாழ்க்கை வேலையில் இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் புகைப்படங்களும் எழுத்துகளும்தான்.

அவரைப் பற்றிய புத்தகத்தை எழுதியவர் மாடல் ரெயில்ரோடரின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட். அது 1981-இல் வெளிவந்தது. வெஸ்ட்காட் அதைப் பார்க்கவில்லை, 1980-இலேயே இறந்துவிட்டார்.

சம்பளமும் குறைவு, நேரமும் குறைவு

ஆலனுக்கு நேர் எதிரான உதாரணம் இங்கிலாந்தில் இருந்தது. பீட்டர் டென்னி ஆங்கிலிகன் திருச்சபையின் ஒரு பாதிரியார். கையில் பணம் அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். இருந்தும் இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அவர் பக்கிங்ஹாம் என்ற ஊருக்கு ஒரு கற்பனைக் கிளைப் பாதையைக் கட்டத் தொடங்கினார். காலம் 1907. நிஜத்தில் இருந்த கிரேட் சென்ட்ரல் ரயில்வே அந்த ஊருக்கு வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதே கதை.

முதலில் ஒரு சின்ன ஸ்டேஷன். அது ஓடியது, அதில் விளையாடினார்கள். பிறகு இன்னொரு ஸ்டேஷன். பிடிக்காத பகுதியைப் பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டினார். இடமாற்றம் வந்தபோதெல்லாம் கழற்றி எடுத்துச் சென்று, புது வீட்டில் கிடைத்த இடத்துக்கேற்ப மாற்றிப் பொருத்தினார். கடைகளில் கிடைக்காதவற்றை அட்டை, தகரம், கம்பி என்று கையில் கிடைத்ததை வைத்தே செய்தார். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மணி ஒலி மூலம் செய்தி. அதற்குப் பதில் வந்தால்தான் ரயில் புறப்படும்.

இடையிலிருந்த ஸ்டேஷனை இயக்க மகன் உதவிக்கு வந்துகொண்டிருந்தான். மகன் இல்லாத நேரங்களில் என்ன செய்வது? மணிக்குப் பதில் மணி அடித்து, சிக்னலையும் இயக்கும் ஒரு இயந்திரத்தையே செய்துவிட்டார். அதற்கு மகன் பெயரையே வைத்தார்: 'ஆட்டோமேட்டிக் கிறிஸ்பின்'.

டென்னி 2009-இல் காலமானார். ஏறத்தாழ அறுபது வருடங்கள் ஒரே ரயில்வே. அந்த அறுபது வருடத்தில் அது பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருந்தது என்பதுதான் முக்கியம். அவருக்குப் பின் அது தீயிலும் போகவில்லை, குப்பையிலும் போகவில்லை. பகுதி பகுதியாகக் கழற்ற முடிந்ததால், இன்னொரு ரசிகர் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்று மறுபடி இணைத்து ஓட்டினார்.

ஆலனா டென்னியா, யார் பெரியவர் என்பது இங்கே கேள்வி அல்ல. இருவருமே மேதைகள். ஆலனும் சின்னதில் தொடங்கி அதைக் காப்பாற்றி வளர்த்தவர்தான். இருபத்தேழு வருடம் அந்த மகிழ்ச்சியை முழுமையாக அனுபவித்தவர்தான். ஆனால் திட்டமிட உட்காரும் ஒருவருக்கு இருவரும் சேர்ந்து சொல்வது ஒன்றுதான். அறுபது வயதை யாரும் கைமேல் எழுதித் தரவில்லை.

'இது போதும்' என்ற ஞானம்

பெரிய லேஅவுட்டுகள் முடியாமல் போவதற்கு இன்னொரு காரணம், எல்லாம் மிகச் சிறப்பாக இருக்கவேண்டும் என்ற பிடிவாதம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு ஆணியும் சரியாக இருக்கவேண்டும் என்றால் பத்துப் பெட்டி முடிவதற்குள் பத்து வருடம் ஓடிவிடும். ஒஹையோ மாநிலத்தின் ஆலன் மெக்லெலண்ட் 1970-களின் பிற்பகுதியில் தன் 'வர்ஜினியன் அண்ட் ஒஹையோ' ரயில்வே பற்றி எழுதியபோது இதற்கு ஒரு பதில் சொன்னார். எல்லாமே ஒரே சீரான, 'இது போதும்' என்ற தரத்தில் இருந்தால் போதும். ஒரு எஞ்சின் அற்புதமாகவும் மீதி வெறும் பலகையாகவும் இருப்பதைவிட, முழு ரயில்வேயும் நம்பும்படியாக இருப்பது மேல். இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் நினைக்கலாம். உண்மையில் அது ஆயுளைப் பற்றிய ஒரு கணக்கு.

மரச்சட்டத்திலும் இதே ஞானம் வந்து சேர்ந்தது. வெஸ்ட்காட் பிரபலப்படுத்திய 'எல்' வடிவ உத்தரத்தில் திருகாணிகள் எல்லாம் கீழிருந்து ஏறும். மேலே தடமும் மலையும் வந்த பிறகும் குறுக்குச் சட்டங்களை நகர்த்தலாம், திட்டத்தை மாற்றலாம். 1970-களில் என்-டிராக் என்ற அமைப்பு வந்தது. எல்லாரும் ஒரே அளவில் ஆளுக்கொரு பலகை கட்டிக்கொண்டு வந்து கூடத்தில் இணைத்தால் பெரிய ரயில்வே ஆகிவிடும். 1990-களில் டேவிட் பாரோ 'டாமினோ' முறையைச் சொன்னார். 2 அடிக்கு 4 அடி பலகைகளாகவே வீட்டு லேஅவுட்டைக் கட்டுவது. பிறகு வேண்டியபடி மாற்றி அடுக்கிக்கொள்ளலாம்.

அறுபதுக்குப் பிறகு

ரிட்டயர்மென்ட் வரை காத்திருந்து திட்டம் போடுபவருக்குச் சில புது 'மாற்ற முடியாதவை' வந்து சேர்கின்றன.

முதலாவது, முழங்கால். அறையின் நடுவே நிற்க, லேஅவுட்டுக்கு அடியில் குனிந்து நுழையும் வழி வைப்பது இளைஞர்களின் திட்டம். எழுபது வயதில் அந்தக் குனிதல் ஒவ்வொன்றும் தண்டனை. கதவு போலத் திறக்கும் பாலமோ, நேராக நடந்து போகும் வழியோ வேண்டும். வழியின் அகலம் இரண்டரை அடியாவது இருந்தால் நல்லது. பலகையின் ஆழமும் அவ்வளவுக்கு மேல் போனால் கை எட்டாது. எட்டாத இடத்தில்தான் ரயில் தடம் புரளும்!

இரண்டாவது, கண். என் அளவு ஹெச்.ஓ.-வில் கிட்டத்தட்ட பாதி. அதே அறையில் இரு மடங்கு தூரம் போகலாம் என்று ஆசைப்படுவார்கள். ஆனால் அந்தச் சின்னச் சக்கரத்தைத் தடத்தில் வைக்கத் தெளிவான கண்ணும் நடுங்காத கையும் வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய முரண். ரிட்டயர் ஆனதும் அமெரிக்கர்கள் பலர் பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்கு மாறுகிறார்கள். வெயில் தேடி ஃபுளோரிடா போகிறார்கள். அங்கே நிலத்தடி நீர் தரைக்கு மிக அருகில் இருப்பதால் வீடுகளில் பேஸ்மென்ட் பெரும்பாலும் கிடையாது. நாற்பது வருடம் வேலை செய்தபோது பேஸ்மென்ட் இருந்தது, நேரம் இல்லை. நேரம் வந்தபோது பேஸ்மென்ட் இல்லை!

காத்திருக்காதவர்களுக்கு உதாரணம் பாடகர் ராட் ஸ்டூவர்ட். ஏறக்குறைய கால் நூற்றாண்டாக அவர் கட்டிவந்த பெரிய அமெரிக்க நகர லேஅவுட்டை 2019-இல் ரெயில்வே மாடலர் பத்திரிகை வெளியிட்டது. கச்சேரிச் சுற்றுப்பயணங்களில் ஹோட்டலில் இன்னொரு அறை எடுத்து, அங்கே உட்கார்ந்து கட்டிடங்கள் செய்தவர் அவர். அவருக்குப் பணம் இருந்தது, உண்மை. பாதிரியார் டென்னிக்கு அது இல்லை. இருவருக்கும் பொதுவானது ஒன்றே: வேலை முடியட்டும் என்று இருவரும் காத்திருக்கவில்லை.

ஆகவே ரிட்டயர்மென்ட் லேஅவுட்டுக்கான மிகச் சிறந்த திட்டம் பெரும்பாலும் ரிட்டயர்மென்டுக்கு முன்பே தொடங்குகிறது. ஒரு பலகை, ஒரு ஸ்டேஷன், ஒரு எஞ்சின், நாலு பெட்டி. அது ஓடவேண்டும், கழற்றி எடுத்துப் போகும்படி இருக்கவேண்டும், பின்னால் வரும் பெரிய லேஅவுட்டில் ஒரு மூலையாக உட்கார இடம் இருக்கவேண்டும். பெரிய அறை கிடைத்தால் அது வளரும். கிடைக்காவிட்டாலும் அந்த ஒரு ஸ்டேஷனுக்கு ரயில் வந்துகொண்டுதான் இருக்கும்.